கிராம் என்றால் எடை அல்ல: பாக்டீரியாக்களைப் பிரித்து எழுதிய கதை

என் தங்கை இந்த வருடம் நுண்ணுயிரியல் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். நான் வணிகவியல். ஒருநாள் அவளுடைய நோட்டைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு அட்டவணை கண்ணில் பட்டது. இடது பக்கம் 'கிராம் பாசிட்டிவ் - ஊதா', வலது பக்கம் 'கிராம் நெகடிவ் - இளஞ்சிவப்பு'. அதற்குக் கீழே வரிசையாக வாயில் நுழையாத பெயர்கள்.

"இதென்ன, பாக்டீரியாவை எடை போட்டு விற்கிறார்களா?" என்று கேட்டேன்.

"அய்யோ அண்ணா, கிராம்ங்கிறது ஒரு டாக்டரோட பேரு" என்று சிரித்தாள்.

"சரி, அந்த டாக்டர் ஏன் இப்படி இரண்டாகப் பிரித்தார்?"

"அதெல்லாம் சிலபஸ்ல இல்ல. அட்டவணையை அப்படியே எழுதினா அஞ்சு மார்க்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. கணக்கியல் படிக்கிறவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஒரு தொகையை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுகிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. செலவைக் கொண்டுபோய் சொத்துக் கணக்கில் எழுதிவிட்டால் கூட்டல் சரியாகவே வரும், ஆனால் இருப்புநிலைக் குறிப்பு பொய் சொல்லும். பாக்டீரியாக்களுக்குத் தலைப்பு போட்டவர்கள் யார்? தப்பான தலைப்பில் எழுதினால் என்ன ஆகும்? இதைத் தேடிப் படித்தபோது தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்த ஐந்து மார்க் அட்டவணைக்குப் பின்னால் முந்நூறு வருடச் சண்டை இருக்கிறது நண்பர்களே!

மிளகுத் தண்ணீரில் தொடங்கியது

கதை நெதர்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் தொடங்குகிறது. அந்தோனி வான் லீவன்ஹூக் (1632-1723) ஒரு துணி வியாபாரி. கல்லூரிப் படிப்பு கிடையாது, லத்தீன் தெரியாது. ஆனால் கண்ணாடியைத் தேய்த்துச் சின்னச் சின்ன லென்ஸ் செய்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. இன்று மிஞ்சியிருக்கும் அவருடைய நுண்ணோக்கிகளில் ஒன்று சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம். ஒருவேளை அதில் கண்ணுக்குத் தெரியாத முட்கள் இருந்து நாக்கைக் குத்துகின்றனவோ என்று நினைத்து, மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டு லென்ஸ் வழியாகப் பார்த்தார். முள் எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக நம்பமுடியாத அளவுக்குச் சிறிய உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. 1676-ம் ஆண்டு இதை லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார். அங்கே முதலில் யாரும் எளிதில் நம்பவில்லை. 1677-ல் ராபர்ட் ஹூக் தானே செய்து பார்த்து உறுதிப்படுத்திய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். 1683-ல் லீவன்ஹூக் தன் பல் இடுக்கில் இருந்த அழுக்கை எடுத்துப் பார்த்து, அதில் கண்டவற்றைப் படமாகவும் வரைந்து அனுப்பினார். கோல் மாதிரி ஒன்று, உருண்டையாக ஒன்று, வளைந்து நெளிந்து ஒன்று. இன்று பாடப்புத்தகத்தில் இருக்கும் மூன்று வடிவங்களும் அந்தப் படத்திலேயே இருக்கின்றன.

ஆனால் அவர் இவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை, வகை பிரிக்கவும் இல்லை. பார்த்ததோடு சரி.

'குழப்பம்' என்று ஒரு தலைப்பு

உலகத்தில் உள்ள செடி, கொடி, விலங்கு எல்லாவற்றுக்கும் இரட்டைப் பெயர் வைத்த சுவீடன் நாட்டு லின்னேயஸ் என்ன செய்தார் தெரியுமா? தன் பெரிய நூலின் 12-ம் பதிப்பில், 1767-ல், இந்த நுண்ணுயிர்களை எல்லாம் அள்ளிப் புழுக்கள் பிரிவின் கடைசியில் போட்டு, 'கேயாஸ்' என்று ஒரு பேரினப் பெயர் கொடுத்தார். கேயாஸ் என்றால் குழப்பம்! கணக்கு டேலி ஆகாதபோது மிச்சத் தொகையைத் தற்காலிகமாக ஒரு அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்போமே, கிட்டத்தட்ட அதே வேலைதான்.

அந்த அனாமத்துக் கணக்கை முதலில் பிரிக்க முயன்றவர் டென்மார்க்கின் ஓட்டோ ஃபிரெட்ரிக் முல்லர். 1773-ல் அவர் வைத்த 'விப்ரியோ' என்ற பெயர் இன்றும் இருக்கிறது. அடுத்து ஜெர்மனியின் கிறிஸ்டியன் எஹ்ரன்பெர்க். 1828-ல் கோல் வடிவ உயிர்களுக்கு 'பாக்டீரியம்' என்று பெயர் வைத்தவர் இவர்தான். கிரேக்க மொழியில் சின்னக் குச்சி என்று பொருள். அதன் பன்மைதான் பாக்டீரியா. ஆக, உருண்டையான பாக்டீரியா என்று இன்று நாம் சொல்லும்போது, சொல்லின்படி பார்த்தால் 'உருண்டையான குச்சி' என்றுதான் சொல்கிறோம்!

இவர்கள் எல்லோரும் பாக்டீரியாவை விலங்கு என்றே நினைத்தார்கள். நீந்துகிறதே, பிறகு வேறென்ன என்பது அவர்கள் வாதம். இன்று நமக்குத் தெரியும், பல பாக்டீரியாக்களுக்குக் கசையிழை என்ற மெல்லிய இழை உண்டு. அது கப்பலின் புரொப்பெல்லர் போலச் சுழன்று உடலைத் தள்ளுகிறது. அன்றைய லென்ஸுக்கு இதெல்லாம் எட்டவில்லை.

கோன் போட்ட அட்டவணை

அட்டவணை என்று சொல்லத்தக்க ஒன்றை முதலில் போட்டவர் ஃபெர்டினாண்ட் கோன் (1828-1898). பிரெஸ்லாவ் நகரத்துக்காரர். அந்த நகரம் இன்று போலந்தில் விராட்ஸ்வாஃப் என்று அழைக்கப்படுகிறது. யூதர் என்பதால் சொந்த ஊர்ப் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் தர மறுத்தது. பெர்லினுக்குப் போய் 1847-ல், 19 வயதிலேயே டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு அதே பிரெஸ்லாவில் பேராசிரியராகவும் ஆனார்.

1872-ல் கோன் பாக்டீரியாக்களை வடிவத்தை வைத்து நான்கு கூட்டமாகப் பிரித்தார். உருண்டைகள், குறுங்கோல்கள், நீளமான கோல்கள், சுருள்கள். அவற்றின் கீழ் ஆறு பேரினங்கள். தாவரவியல்காரரான அவர் பாக்டீரியாவை விலங்குப் பக்கத்திலிருந்து தாவரப் பக்கத்துக்கு மாற்றினார். அதுவும் தப்புதான் என்பது பின்னால் தெரிந்தது.

முதலாண்டு மாணவர்கள் முதலில் படிக்கும் பாடம் இந்த வடிவப் பிரிவுதான். உருண்டையானது காக்கஸ். கோல் வடிவம் பாசில்லஸ். காற்புள்ளி போல் வளைந்தது விப்ரியோ. விறைப்பான சுருள் ஸ்பைரில்லம், நெளியும் சுருள் ஸ்பைரோகீட். உருண்டைகள் சங்கிலியாகக் கோர்த்திருந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். திராட்சைக் கொத்து மாதிரி இருந்தால் ஸ்டாஃபிலோகாக்கஸ். சீழ் பிடித்த கட்டிகளில் இந்தக் கொத்தைக் கண்டு 1880-களின் தொடக்கத்தில் அந்தப் பெயரை வைத்தவர் அபர்தீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன்.

இதில் என்ன சண்டை என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. கார்ல் நேகலி போன்ற அந்தக் காலத்துப் பெரிய ஆட்கள், "பாக்டீரியாவில் நிலையான இனம் என்று ஒன்றும் கிடையாது. இன்று உருண்டையாக இருப்பது நாளை கோலாகும், கோல் சுருளாகும்" என்று வாதிட்டார்கள். கேட்க சாதாரணமாக இருக்கிறது. ஆனால் இது உண்மையாக இருந்தால் காலராவுக்கு ஒரு கிருமி, காசநோய்க்கு ஒரு கிருமி என்று தேடுவதற்கே அர்த்தம் இல்லை. எல்லாமே ஒரே வேஷக்காரன் என்றால் யாரைப் பிடிப்பது? கோன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றும் தன் வடிவத்தையும் குணத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றுகிறது, எனவே அவை தனித்தனி இனங்கள்தான் என்றார்.

1876-ல் கோனின் ஆய்வகத்துக்கு ஒரு சின்ன ஊர் மருத்துவர் வந்து, ஆந்த்ராக்ஸ் நோயை ஒரே ஒரு கோல் வடிவ பாக்டீரியா எப்படி உண்டாக்குகிறது என்று செய்து காட்டினார். அவர் பெயர் ராபர்ட் கோக். அந்தக் கோல் பாதகமான சூழலில் வித்தாக மாறி, நல்ல சூழல் வந்ததும் மறுபடி அதே கோலாக முளைத்தது. வேறொன்றாக மாறவில்லை. கோன் தன் இதழிலேயே அந்தக் கட்டுரையை வெளியிட்டார். கோனே அதே வருடம் இன்னொரு பாக்டீரியாவின் வித்துகளைப் பற்றியும், கொதிக்கும் சூட்டையும் அவை தாங்குவதைப் பற்றியும் எழுதினார்.

வாதத்தை முழுதாக முடிக்க வேண்டுமானால் ஒரே இனத்தை மட்டும் தனியாக வளர்த்துக் காட்ட வேண்டும். கோக் முதலில் ஜெலட்டின் பயன்படுத்தினார். அது வெயில் காலத்தில் உருகி ஓடியது. அவருடைய ஆய்வகத்தில் வேலை செய்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேன்னி, தன் சமையலறையில் ஜெல்லி செய்யப் பயன்படுத்திய அகர் அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். நம்மூரில் நோன்புக் காலத்தில் கடல்பாசி செய்வார்களே, அதே பொருள்தான். இன்று உலகத்தில் அகர் இல்லாத நுண்ணுயிரியல் ஆய்வகம் கிடையாது. ஆனால் ஃபேன்னி ஹெஸ்ஸேயின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அகர் தட்டில் தனித்தனிப் புள்ளியாக வளர்ந்த கூட்டங்கள் நேகலியின் வாதத்தை மெல்ல மெல்லச் சாகடித்தன. 1882-ல் காசநோய்க் கிருமியை அறிவித்த கோக், 1883 டிசம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்து, 1884 தொடக்கத்தில் காலராவின் காற்புள்ளிக் கிருமியைத் தனியாக வளர்த்தார்.

ஒரே நோய், இரண்டு கிருமி

வடிவம் மட்டும் போதாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. அதற்கு நல்ல உதாரணம் நிமோனியா.

பெர்லின் நகர மருத்துவமனை ஒன்றின் பிணவறையில் வேலை செய்த கார்ல் ஃபிரீட்லாண்டர், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரலில் ஒரு கிருமியைக் கண்டு 1882-ல் எழுதினார். அதே பெர்லினில் ஆல்பர்ட் ஃப்ராங்கெல் 1884-ல், "நிமோனியாவுக்குக் காரணம் அது இல்லை, நான் கண்ட இரட்டை உருண்டைக் கிருமிதான்" என்றார். இரண்டும் நுண்ணோக்கியில் ஏறக்குறைய நீள்வட்டமாகத் தெரியும். இரண்டுக்கும் மேலே கேப்சூல் என்ற வழவழப்பான உறை உண்டு. வடிவத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் குழப்பம் தீராது. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் நம் கிராம் வருகிறார். முழுப்பெயர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம். டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர், அப்போது வயது முப்பது. ஃபிரீட்லாண்டரிடம் வேலை கற்க வந்திருந்தார். அவருக்கு பாக்டீரியாவை வகைப்படுத்தும் எண்ணமே இல்லை. அவருடைய பிரச்சினை வேறு. நுரையீரல் துண்டில் சாயம் ஊற்றினால் நம் செல்களும் நிறம் ஏறிவிடுகின்றன, கிருமியும் நிறம் ஏறிவிடுகிறது. எது எது என்று தெரிவதில்லை. கிருமி மட்டும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு அவர் செய்தது: முதலில் ஊதாச் சாயம், பிறகு அயோடின், பிறகு ஆல்கஹால் ஊற்றிக் கழுவுதல். நுரையீரல் செல்கள் நிறத்தை விட்டன. பாக்டீரியா ஊதாவாகவே நின்றது. ஆனால் ஒரு தொந்தரவு. சில பாக்டீரியாக்கள் மட்டும் ஆல்கஹால் பட்டதும் நிறத்தை இழந்துவிட்டன.

1884-ல் கட்டுரை வெளியிட்டபோது கிராம் இதை ஒரு குறையாகத்தான் பார்த்தார். இந்த முறை மிகவும் குறைபாடுள்ளது என்று தனக்கே தெரியும் என்றும், மற்றவர்கள் கையில் பயன்படக்கூடும் என்ற நம்பிக்கையில் வெளியிடுவதாகவும் அடக்கமாக எழுதினார். அவர் குறை என்று சொன்ன அந்த ஒன்றுதான் பிற்பாடு பாக்டீரியா உலகத்தையே இரண்டாகப் பிரிக்கும் கோடாக ஆனது! நிறம் இழந்தவை கண்ணுக்குத் தெரிவதற்காகக் கடைசியில் சிவப்புச் சாயம் ஊற்றும் வழக்கம் வேறு ஆய்வாளர்கள் சேர்த்தது. அதனால்தான் அட்டவணையில் ஒரு பக்கம் ஊதா, மறுபக்கம் இளஞ்சிவப்பு.

நிமோனியா சண்டை என்ன ஆயிற்று? ஃப்ராங்கெலின் கிருமி ஊதாவாக நின்றது. ஃபிரீட்லாண்டரின் கிருமி நிறத்தை இழந்தது. அதாவது இரண்டும் வேறு வேறு, இரண்டுமே நிமோனியாவைத் தரக்கூடியவை. முன்னது இன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே. பின்னது கிளெப்சியெல்லா நிமோனியே. நிமோனியா பெரும்பாலானோருக்கு வந்தது ஃப்ராங்கெலின் கிருமியால்தான் என்பதும் உறுதியானது. ஃபிரீட்லாண்டர் 1887-ல் தன் 39-வது வயதில் காலமானார்.

நிறம் ஏன் நிற்கிறது?

இங்கேதான் பாக்டீரியாவின் அமைப்பைப் பார்க்க வேண்டும். தங்கையின் பாடத்தில் 'அமைப்பு' ஒரு அலகு, 'வகைப்பாடு' இன்னொரு அலகு. ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை.

ஒரு பாக்டீரியாவை ஒற்றை அறை வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் செல்லில் இருப்பது போல உட்கரு என்று தனி அறை கிடையாது. டி.என்.ஏ. அறையின் நடுவிலேயே சுருண்டு கிடக்கும். அந்தப் பகுதிக்கு நியூக்ளியாய்டு என்று பெயர். சிலவற்றில் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையங்களும் தனியாக இருக்கும். மருந்தை எதிர்க்கும் திறமையை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கைமாற்றிக் கொடுப்பது பெரும்பாலும் இந்த வளையங்கள் வழியாகத்தான். புரதம் தயாரிக்க ரைபோசோம்கள் உண்டு. சுற்றிலும் செல் சவ்வு. அதற்கு வெளியே செல் சுவர். சிலவற்றுக்கு அதற்கும் வெளியே கேப்சூல். ஒட்டிக்கொள்ள பிலி என்ற மயிரிழைகள், நீந்தக் கசையிழை.

நிறத்தின் ரகசியம் செல் சுவரில் இருக்கிறது. சுவர் பெப்டிடோகிளைக்கான் என்ற பொருளால் வலை மாதிரிப் பின்னப்பட்டது. கிராம் பாசிட்டிவில் இந்தச் சுவர் தடிமனானது, சுமார் 20 முதல் 80 நானோமீட்டர் வரை. கிராம் நெகடிவில் அது மிக மெல்லியது. ஆனால் அதற்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு.

ஊதாச் சாயமும் அயோடினும் செல்லுக்குள் சேர்ந்து பெரிய திரளாகின்றன. ஆல்கஹால் ஊற்றும்போது தடிமனான சுவர் நீர் வற்றி இறுகிக்கொள்கிறது. திரள் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. நெகடிவில் வெளிச்சவ்வை ஆல்கஹால் கரைத்துவிடுகிறது. மெல்லிய சுவரால் திரளைப் பிடித்து வைக்க முடியவில்லை. சாயம் வெளியேறிவிடுகிறது. அவ்வளவுதான்! பாசிட்டிவ் என்றால் நல்ல பாக்டீரியா, நெகடிவ் என்றால் கெட்டது என்று அர்த்தம் இல்லை. முதலில் நான் அப்படித்தான் நினைத்தேன்.

சொல்வதற்கு எளிது. ஆனால் கனடாவின் டெர்ரி பெவரிட்ஜும் அவருடன் வேலை செய்தவர்களும், அயோடினுக்குப் பதிலாகப் பிளாட்டினம் சேர்ந்த ஒரு பொருளைப் பயன்படுத்தி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இதை நேரடியாகக் காட்டியது 1983-ல். கிராம் கட்டுரை எழுதி 99 வருடம் கழித்து. அதுவரை உலகமே காரணத்தைக் கண்ணால் பார்க்காமலே அந்தச் சாயத்தை நம்பி வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தது.

மருந்துச் சீட்டில் இருக்கும் கோடு

வைத்தியம் என்று சொன்னேன் இல்லையா? இதுதான் விஷயம்.

அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928-ல் பெனிசிலினைக் கண்டுபிடித்த கதை எல்லோருக்கும் தெரியும். 1929-ல் அவர் எழுதிய கட்டுரையில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. பெனிசிலின் எந்தெந்தக் கிருமியைக் கொல்லும் என்பதோடு, எதைக் கொல்லாது என்றும் எழுதினார். கொல்லாதவற்றில் ஒன்று 'இன்ஃபுளுயன்சா பாசில்லஸ்' என்று அன்று அழைக்கப்பட்ட கிராம் நெகடிவ் பாக்டீரியா. தட்டில் பெனிசிலின் ஊற்றினால் மற்றவை செத்து இது மட்டும் வளரும், எனவே இதைப் பிரித்தெடுக்கப் பெனிசிலின் உதவும் என்பது அவர் யோசனை.

காரணம் அதே சுவர்தான். பெனிசிலின் பெப்டிடோகிளைக்கான் வலை பின்னப்படுவதைத் தடுக்கிறது. கிராம் பாசிட்டிவில் சுவர் வெளியே திறந்து கிடக்கிறது, மருந்து நேராகப் போய்ச் சேர்கிறது. பெரும்பாலான கிராம் நெகடிவில் வெளிச்சவ்வு பழைய பெனிசிலினை உள்ளே விடுவதில்லை. கொனோரியா கிருமி போன்ற விதிவிலக்குகளும் உண்டு. 1943-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் முக்கியமானது ஆனதற்கு ஒரு காரணம், பெனிசிலினுக்கு மசியாத காசநோய்க் கிருமியையும் பல கிராம் நெகடிவ்களையும் அது அடக்கியதுதான்.

இன்றும் ஒருவருக்கு மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால், முதுகுத் தண்டு நீரை எடுத்து முதலில் செய்யும் சோதனைகளில் ஒன்று கிராம் சாயம். கிருமியை வளர்த்துப் பெயர் கண்டுபிடிக்க ஒன்றிரண்டு நாளாகும். நோயாளிக்கு அவ்வளவு நேரம் இருக்காது. சாயத்துக்குச் சில நிமிடம் போதும். ஊதாவா இளஞ்சிவப்பா, உருண்டையா கோலா. இந்த இரண்டு பதிலும் கையில் இருந்தால் மருத்துவருக்கு எந்த மருந்தைத் தொடரலாம் என்று ஒரு திசை கிடைக்கிறது. கோனின் வடிவமும் கிராமின் நிறமும் சேர்ந்து வேலை செய்யும் இடம் இது.

அடங்காதவர்களும் இருக்கிறார்கள். காசநோய்க் கிருமியின் சுவரில் மெழுகு போன்ற கொழுப்பு இருப்பதால் கிராம் சாயம் சரியாக ஏறாது. அதற்கு அமிலத்துக்கும் அசையாத வேறு சாயமுறை வேண்டும். மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது. சுவரே இல்லாதவனிடம் பெனிசிலின் என்ன செய்யும்?

உறவு வேறு, தோற்றம் வேறு

1923-ல் டேவிட் பெர்கியின் தலைமையில் அமெரிக்காவில் ஒரு பெரிய கையேடு வந்தது. வடிவம், கிராம் நிறம், ஆக்சிஜன் வேண்டுமா, எந்தச் சர்க்கரையைப் புளிக்க வைக்கும் என்று கேள்வி கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் பெயர் கிடைக்கும். பெர்கியின் கையேடு இன்றும் நுண்ணுயிரியல்காரர்களின் வீட்டுப் பஞ்சாங்கம் மாதிரி.

ஆனால் அடையாளம் காண்பது வேறு, உறவு தெரிவது வேறு. ஒரே நிறச் சட்டை போட்டவர்கள் எல்லாம் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்களா? 1962-ல் ரோஜர் ஸ்டானியரும் வான் நீலும், உட்கரு இல்லாத செல் அமைப்புதான் பாக்டீரியாவின் அடையாளம் என்று தெளிவாக எழுதினார்கள். அதன்படி, அதுவரை 'நீலப்பச்சைப் பாசி' என்று தாவரப் பக்கம் இருந்தவை சயனோபாக்டீரியா ஆகி இந்தப் பக்கம் வந்தன. ஆனால் பாக்டீரியாக்களுக்குள் யார் யாருக்கு உறவு என்ற கேள்விக்கு அப்போதும் விடை இல்லை.

விடை இலினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வூஸ் என்பவரிடமிருந்து வந்தது. எல்லா உயிரிலும் ரைபோசோம் உண்டு. பாக்டீரியாவின் ரைபோசோமில் 16எஸ் ஆர்.என்.ஏ. என்ற ஒரு மூலக்கூறு உண்டு, சுமார் 1,500 எழுத்து நீளம். அது மிக மெதுவாகத்தான் மாறும். எனவே இரண்டு உயிர்களின் எழுத்துகளை ஒப்பிட்டால் எவ்வளவு தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிடலாம். அன்று முழு எழுத்தையும் படிக்கும் வசதி இல்லை. துண்டு துண்டாக வெட்டி, கதிரியக்க அடையாளம் இட்டு, எக்ஸ்ரே ஃபிலிமில் விழும் புள்ளிகளை வூஸ் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1977-ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் அறிவித்த முடிவு பலரை அதிர வைத்தது. மீத்தேன் வாயு உண்டாக்கும் சில நுண்ணுயிர்கள் பார்க்க பாக்டீரியா மாதிரியே இருந்தாலும் பாக்டீரியாவே இல்லை, அவை வேறொரு பெரிய கிளை என்றார்கள். செய்தி நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் வந்தது. பாராட்டுக்குப் பதில் எதிர்ப்பு வந்தது. வூஸுடன் வேலை செய்த ரால்ஃப் வுல்ஃபுக்கு நோபல் பரிசு பெற்ற சால்வடார் லூரியா ஃபோன் செய்து, இந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும்படி எச்சரித்தார் என்று வுல்ஃபே பிற்பாடு எழுதியிருக்கிறார். 1990-ல் பாக்டீரியா, ஆர்க்கியா, யூக்கரியா என்று மூன்று பெரும் பிரிவுகள் முன்வைக்கப்பட்டன. இன்று அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. வூஸ் 2012-ல் காலமானார்.

இந்த முறையில் பார்த்தபோது இன்னொரு வேடிக்கை. சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மா, தடித்த சுவர் கொண்ட கிராம் பாசிட்டிவ் முன்னோர்களின் வாரிசு! சுவரை வழியில் தொலைத்துவிட்டது.

பெயரும் ஒரு சொத்துதான்

பெயர்களும் பெருகிப்போயின. ஒரே பாக்டீரியாவுக்குப் பல பெயர், ஒரே பெயரில் பல பாக்டீரியா. 1980 ஜனவரி 1 முதல் சர்வதேசக் குழு எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் புதுப் பேரேடு திறந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் இனங்களின் பெயர்கள் மட்டுமே அதில் இடம்பெற்றன. 2021-ல் பெரும்பிரிவுகளின் பெயர்களும் முறைப்படுத்தப்பட்டன. பழைய நூல்களில் ஃபெர்மிக்யூட்ஸ் என்று படித்தவர்கள் இன்று பாசில்லோட்டா என்று படிக்க வேண்டும்.

பெயர் வைப்பதில் நியாயமும் இருக்கிறது. கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியைக் காண்பதற்கு 30 வருடம் முன்பே, 1854-ல், இத்தாலியின் ஃபிலிப்போ பாசினி அதைக் கண்டு விப்ரியோ என்று எழுதியிருந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. கோக் கல்கத்தா வந்த அதே 1883-ல், சில மாதங்கள் முன்னால் பாசினி இறந்துபோனார். 1965-ல்தான் அந்த இனத்தின் பெயரோடு 'பாசினி 1854' என்று முறையாகச் சேர்த்தார்கள். 111 வருடம் தாமதமாக ஒரு வரவு!

கடைசியாக

இவ்வளவும் படித்த பிறகு அந்த அட்டவணையை மறுபடி பார்த்தேன். வலது பக்கம் இளஞ்சிவப்பு வரிசையில் கிளெப்சியெல்லா நிமோனியே இருந்தது. ஃபிரீட்லாண்டர் 1882-ல் பிணவறையில் கண்ட அதே கிருமி. 2024-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட, புது மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில், மிக நெருக்கடியான பிரிவில் கார்பபெனம் மருந்துக்கும் அடங்காத இதன் ரகங்கள் இடம்பெற்றிருக்கின்றன. அந்தப் பிரிவில் இருப்பவை காசநோய்க் கிருமி தவிர மற்றவை எல்லாம் கிராம் நெகடிவ். வெளிச்சவ்வு என்ற அந்தக் கூடுதல் கதவு இன்றும் நமக்குத் தலைவலி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. கிராம் தன் குறை என்று எழுதிவைத்த நிறமிழப்பு, எந்தக் கிருமிக்கு அந்தக் கதவு இருக்கிறது என்று 1884-லேயே காட்டிவிட்டது. அது என்ன என்று அன்று அவருக்கும் தெரியாது.

நுண்ணுயிரியல் தொடங்கும் மாணவர்களுக்கு வணிகவியல் மாணவன் புத்தி சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். அட்டவணையை மனப்பாடம் செய்யுங்கள், மார்க் வேண்டுமே! ஆனால் ஒவ்வொரு பத்திக்கும் மேலே, அதைப் பிரித்தவர் எதைப் பார்த்தார் என்று பென்சிலால் எழுதி வையுங்கள். கோன் வடிவத்தைப் பார்த்தார். கிராம் சுவரைப் பார்த்தார், சுவர் என்று தெரியாமலே. வூஸ் எழுத்தைப் பார்த்தார். அப்படி எழுதிவிட்டால் பெயர்கள் மாறினாலும், தலைப்புகள் மாறினாலும் குழப்பம் வராது.

தங்கையிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அண்ணா, இது அஞ்சு மார்க்குக்கு ரொம்பப் பெருசு" என்றாள். ஆனால் மறுநாள் அவள் நோட்டில் அட்டவணைக்கு மேலே பென்சிலில் 'கிராம், 1884, சுவர்' என்று எழுதியிருந்ததை நான் பார்த்தேன்.